கல்லறைத் தோட்டத்துக்கு வரும் ஆறுமணிக் குருவியைப் படம் எடுப்பது எப்படி?

கேள்வி: ஏரிக்கரை (பாகூர்)

அனைவருக்கும் வணக்கம். பாகூருக்கும் கடலூருக்கும் இடையே உள்ள ஒரு சிற்றூரில் பழைய மாதா கோயில் ஒன்று இருக்கிறது. ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கோயிலுக்குப் பின்னால் ஏறத்தாழ ஒரு ஏக்கர் பரப்பில் கல்லறைத் தோட்டம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது அங்கிருந்த மரங்களில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டன என்று ஊரார் சொல்கிறார்கள். எஞ்சியவை ஒரு பெரிய நாவல், இரண்டு புங்க மரங்கள், ஒரு தூங்குமூஞ்சி. பின்மதிலை ஒட்டி நொச்சியும் ஆடாதோடையும் ஆள் நுழைய முடியாதபடி அடர்ந்திருக்கின்றன.

மூன்று ஆண்டுகளாக அக்டோபர் மாதத்தில் அங்கே போய்வருகிறேன். காலை ஆறு மணிக்குக் கோயில்பிள்ளை மூவேளை செபத்துக்கு மணி அடிப்பார். அந்த ஒலி அடங்கிய சற்று நேரத்தில் நொச்சிப் புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்கும். நம் ஊரில் ஆறுமணிக் குருவி என்றும் தோட்டக்கள்ளன் என்றும் அழைக்கப்படும் பறவைதான் அது. இதுவரை இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் படம் எடுத்தேன். ஒன்றில் பச்சையும் சிவப்புமாக ஒரு கறை தெரிகிறது, மற்றொன்றில் அது நின்ற இடம் மட்டும் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. என்னிடம் இருப்பது 150-600 மி.மீ. லென்ஸ். மரநிழலில் அந்த நேரத்து வெளிச்சத்துக்கு அது போதவில்லையா, அல்லது குறை என்னிடம்தானா?

தெரிந்தவர் ஒருவர், கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் தானாக வெளியே வரும் என்கிறார். அதைச் செய்ய மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அது ஏன் தவறு என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வாரம் கையில் சாமந்தி மாலையோடு வந்த ஓர் அம்மாள் என்னருகே நின்று, "எங்க வீட்டுக்காரர் கல்லறையை எதுக்குப்பா படம் எடுக்கிற?" என்று கேட்டார். நான் தவிட்டுக்குருவிக் கூட்டத்தைச் சுட்டிக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவை பறந்துவிட்டன. வெறும் கல்லறையை நோக்கி நீட்டிய நீண்ட குழாயோடு நான் மட்டும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். இப்படிப்பட்ட இடத்தில் எவ்வாறு நடந்துகொள்வது என்பதையும் அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: நிழற்படத்தான் (புதுச்சேரி)

லென்ஸில் குறை இல்லை, நண்பரே. நேரத்தைத்தான் தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அக்டோபர் நடுவில் நம் பகுதியில் சூரியன் உதிப்பதே ஏறக்குறைய ஆறு மணிக்குத்தான். அப்போது நாவல் மரத்தடியில் இருட்டு இன்னும் கலைந்திருக்காது. குரல் கேட்டவுடன் கேமராவைத் தூக்குகிறவர்கள் எல்லாருக்கும் உங்களுக்குக் கிடைத்த கறைதான் கிடைக்கும். ஆறு மணிக்குக் குரலைக் கேட்டு அது எந்தப் புதரில் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறே முக்காலுக்குப் பிறகு, மதிலுக்கு மேலே ஏறிய வெயில் சாய்வாக உள்ளே விழத் தொடங்கும் நேரத்தில் அது இரை தேடித் தரையில் நடமாடும். நீங்கள் அதற்கு முன்பே அங்கே உட்கார்ந்து, அசையாமல் இருந்து பழகியிருக்க வேண்டும்.

இந்தப் பறவை நடக்கும் விதத்தைக் கவனித்தால் பாதி வேலை முடிந்துவிடும். இரண்டு மூன்று தத்தல்கள் தத்தும், நிற்கும், அலகால் ஒரு சருகைப் புரட்டி ஓரமாக எறியும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், மறுபடி தத்தும். அந்த நிற்கும் கணம் ஒன்றிரண்டு விநாடியாவது நீடிக்கும். ஆகவே பறக்கும் பறவைக்கு வேண்டிய 1/2000 விநாடி ஷட்டர் வேகம் இதற்குத் தேவையில்லை. கேமரா ஆடாமல் இருந்தால் 1/100 போதும், துணிந்தால் 1/60-இலும் எடுக்கலாம். 600 மி.மீ.-இல் லென்ஸின் துளை f/6.3-க்கு மேல் திறக்காது என்பதால், கேமராவின் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ.-வை 3200 அல்லது 6400 வரை ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலைப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அசைந்து கலங்கிய படத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. பின்னால் திருத்த இடம் தரும் ரா (RAW) வடிவத்தில் எடுங்கள்.

முக்காலி வேண்டாம். அது பறவையைக் காட்டிலும் மனிதர்களை அதிகம் உறுத்தும். அந்த அம்மாள் நில அளவைக்காரர் வந்துவிட்டார் என்றே நினைத்திருப்பார். பழைய கால்சட்டையின் ஒரு காலை வெட்டி, இரு முனையும் தைத்து, முக்கால் பங்கு ஆற்றுமணல் நிரப்பினால் நல்ல தாங்கி ஆகிவிடும். அதைத் தரையில் போட்டு லென்ஸை அதன்மேல் கிடத்தி, நீங்களும் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள். பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கினால்தான் படத்துக்கு உயிர் வரும். நின்றபடி எடுத்தால் அதன் பச்சை முதுகு மட்டுமே விழும். வாலடியில் உள்ள செஞ்சிவப்பும், கண் வழியாக ஓடும் பட்டையான கறுப்புக் கோடும், தொண்டையின் வெண்மையும் கீழிருந்து பார்ப்பவருக்கே கிடைக்கும். இந்தியில் இதற்கு நவரங் என்று பெயர். ஒன்பது நிறங்களையும் ஒரே படத்தில் பிடித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சட்டகத்தின் பெரும்பகுதியைச் சுண்ணாம்பு அடித்த கல்லறை நிறைத்தால், வெளிச்சம் மிகுதியாக இருப்பதாகக் கேமரா எண்ணிக்கொண்டு படத்தை இருட்டாக்கிவிடும். பறவை கரிக்கட்டை போல நிற்கும். அப்போது ஒளியளவை ஒரு படி கூட்ட வேண்டும். மாறாக, சட்டகம் முழுக்க ஈரச் சருகாக இருந்தால் கேமரா தேவைக்கு மேல் வெளுக்க வைக்கும், தொண்டையின் வெண்மை எரிந்துபோகும். அப்போது முக்கால் படி குறைக்க வேண்டும். பறவை இரண்டு தத்தலில் சருகிலிருந்து கல்லறைக்கு முன்னால் வந்துவிடுவதால், ஒளியளவைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தில் கட்டைவிரல் எப்போதும் இருக்கட்டும். ஒலியில்லா ஷட்டர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஃபிளாஷைப் பையை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை (வில்லியனூர்)

தம்பி, அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு முதலில் வருகிறேன். கல்லறைத் தோட்டம் எங்களுக்குப் பொதுப் பூங்கா அன்று. அங்கே வருகிறவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு ஆள் ஒருவரைப் பார்க்கத்தான் வருகிறார். முதல் நாளே பங்குத்தந்தையைப் பார்த்து, இன்ன பறவைக்காக இன்ன நேரத்தில் வருகிறேன் என்று சொல்லி ஒப்புதல் பெற்றிருந்தால், ஞாயிறு திருப்பலியின் முடிவில் அவரே அறிவித்திருப்பார். ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் தெரிந்துவிடும். அதைவிட முக்கியமானவர் கோயில்பிள்ளை. வாயிற்கதவின் சாவி அவரிடம் இருக்கிறது, யார் எப்போது வருவார்கள் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

யாராவது மாலையோடோ மெழுகுவர்த்தியோடோ உள்ளே வந்தால் கேமராவைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். அடக்கம் நடக்கும் நாளில் அந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம். கல்லறையின் மேல் உட்காருவதும், பையை வைப்பதும், லென்ஸுக்குத் தாங்கியாகச் சிலுவையைப் பயன்படுத்துவதும் எத்தனை பழைய கல்லறையானாலும் கூடாது. ஒருவர் சிலுவையில் தொப்பியை மாட்டிவிட்டுப் படம் எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்காக அக்டோபர் கடைசி வாரத்தில் எங்கள் ஊர்களில் எல்லாம் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வார்கள். புல் செதுக்கி, புதர் வெட்டி, சருகு கூட்டி எரித்து, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். நிழற்படத்தான் எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் குருவி இங்கே வந்து இறங்குவதும், அது இரை தேடும் சருகை நாம் கூட்டி எரிப்பதும் ஒரே மாதத்தில் அல்லவா நடக்கின்றன? இருபது ஆண்டுகளாக அந்த வேலையில் துடைப்பம் பிடித்தவள் நான். நறுக்கென்று கூட்டிய தரையைப் பார்த்துப் பெருமைப்பட்டும் இருக்கிறேன். எல்லாவற்றையும் விடச் சொல்லி ஊரில் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது, ஏனென்றால் பாம்புக்குப் பயப்படுகிறவர்களின் பயம் நியாயமானது. ஆனால் பின்மதிலை ஒட்டிக் கல்லறைகளே இல்லாத இடத்தில் ஐந்தாறு அடி அகலத்துக்குப் புதரையும் சருகையும் அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டால், மறுப்பதற்கு யாருக்கும் காரணம் இராது. கூட்டிய சருகை எரிக்காமல் அங்கேயே கொட்டச் சொன்னால் வேலை செய்பவர்களுக்கும் சுமை குறையும். கேட்கும்போது உங்கள் கலங்கிய படத்தையாவது காட்டுங்கள். பெயரை மட்டும் சொன்னால் யாருக்கும் மனத்தில் நிற்காது.

பதில்: கெடிலக்கரை (கடலூர் முதுநகர்)

குரலை ஒலிக்கவிடுவது பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பறவை உங்கள் கைபேசியை நோக்கி வருவது ஆசையால் அன்று. தான் பிடித்து வைத்திருக்கும் இடத்துக்குப் போட்டியாள் ஒருவன் வந்துவிட்டான் என்று எண்ணி, அவனை விரட்டத்தான் வருகிறது. அது எந்த நிலையில் இங்கே வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். இமயமலையடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவு இரவாகப் பறந்து தெற்கே வருகிறது. சில பறவைகள் இங்கேயே தங்கிவிடும், மற்றவை இன்னும் தெற்கே, இலங்கை வரையிலும் போகும். வழியில் ஒரு வாரம் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ள இறங்கியிருக்கும் பறவையை, இல்லாத எதிரியைத் தேடிப் புதர் புதராக அலையவிட்டால், தின்ன வேண்டிய காலை நேரம் அதற்கு வீணாகிறது. மூன்று ஆண்டுகளாக அது அதே புதரில் குரல் கொடுக்கிறது என்றால் காத்திருப்பதற்கு என்ன குறை?

உங்கள் கோயிலுக்கு மணிக்கூண்டு இருந்தால் அதன் அடித்தரையையும் ஒரு முறை பாருங்கள். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடந்தன. பூனையின் வேலை என்று கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒன்றை நீரில் ஊறவைத்துப் பிரித்தேன். சாம்பல்நிற மயிருக்குள் பொதிந்து ஓர் எலியின் மண்டையோடும், மஞ்சள் முன்பற்களோடு இரண்டு கீழ்த்தாடைகளும் முழுமையாக இருந்தன. கூகை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் இப்படித்தான் உருட்டிக் கக்கிவிடும். சங்கப் பாட்டுக் காலத்திலிருந்தே கூகையைச் சாவோடும் முதுகாட்டோடும் சேர்த்துப் பேசிவந்த மக்கள் நாம்; கல்லறைத் தோட்டத்துக்கு மேலேயே அது குடியிருந்தால் ஊரார் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த எலித்தாடைகளை ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோய், பக்கத்து வயலில் நெல் போட்டிருந்தவரிடம் காட்டினேன். அதற்குப் பிறகு கூண்டின் சன்னலுக்குக் கம்பிவலை அடிக்கும் பேச்சு நின்றுவிட்டது.

கூட்டில் குஞ்சு இருக்கும்போது மட்டும் மேலே ஏறாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்திலேயே, பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது அடங்குகிறது. ஊரின் பெயரை எழுதாமல் விட்டது நல்ல காரியம். எழுதியிருந்தால் அடுத்த சனிக்கிழமையே அந்த வாசலில் பத்து வண்டிகள் நின்றிருக்கும்.

பதில்: வாலாட்டி (அரியாங்குப்பம்)

ஒரு சிறு குறிப்பு. இந்த மாதத்தில் வந்து இறங்கும் பறவைகள் களைப்பில் சன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும், காகங்கள் துரத்தி வீட்டுக்குள் நுழைவதும் நம் கடற்கரை ஊர்களில் வழக்கமாக நடப்பவை. அப்படி ஒன்று கிடைத்தால் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடி, இருட்டான, அரவமில்லாத மூலையில் வைத்துவிடுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தேறிவிடும். காகங்கள் அடைந்த பிறகு புதர் ஓரமாகத் திறந்து விடலாம். தேறாவிட்டாலோ, சிறகு தொங்கினாலோ வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

அதே சருகில் கொடிக்கால் வாலாட்டியும் செந்தலைப் பூங்குருவியும் வருகின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், கொடிக்கால் வாலாட்டியோ உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும். மரத்தடியில் மங்கலாகத் தெரிந்தாலும் அந்த ஆட்டத்தை வைத்தே இனம் கண்டுவிடலாம். பார்த்த நாளையும் எண்ணிக்கையையும் இ-பேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்து வையுங்கள். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பின்போதும் பதினைந்து நிமிடம் அங்கே உட்கார்ந்து எண்ணினால், அது கடந்துபோகிறதா, குளிர்காலம் முழுவதும் தங்குகிறதா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஏரிக்கரை (பாகூர்), மூன்று வாரம் கழித்து

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடி முதலில் பங்குத்தந்தையைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அந்தச் சீழ்க்கைக்காரனா? நான் யாரோ பையன் என்று நினைத்திருந்தேன்" என்றார். கோயில்பிள்ளைதான் எளிதில் இசையவில்லை. பின்மதில் ஓரத்தில் சாரைப்பாம்பு இருக்கிறது என்றார், பிறகு புதரை விட்டால் ஆடு நுழையும் என்றார், கடைசியில் கேமராத் திரையில் என் கறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுவா நான் மணி அடிச்சதும் கத்துறது?" என்று கேட்டார். நொச்சிப் புதர் நின்ற இடத்தில் எட்டடி அகலத்துக்கு வெட்டாமல் விட்டார்கள். கூட்டிய சருகையும் அங்கேயே கொட்டினார்கள். மற்ற இடமெல்லாம் வழக்கம்போலத் துப்புரவாகிவிட்டது.

சுத்தம் செய்த இரண்டு நாளும் குரல் கேட்கவில்லை. போய்விட்டது என்றே எண்ணினேன். மூன்றாம் நாள் ஏழு மணிக்குப் புதிதாகக் கொட்டிய சருகுக் குவியலின் விளிம்பில், என்னிடமிருந்து ஏழெட்டு மீட்டர் தொலைவில் வந்து நின்றது. மணல்மூட்டையின் மேல் லென்ஸ், 1/100, ஐ.எஸ்.ஓ. 4000. ஒரு மண்புழுவை இழுத்துக்கொண்டிருந்ததால் அது நான்கு விநாடி வரை நகரவில்லை. படத்தை இணைத்திருக்கிறேன். அலகு தெளிவு, கண்ணில் ஒளிப்புள்ளி இருக்கிறது, வாலடிச் சிவப்பும் தெரிகிறது. நீலம் மட்டும் இறக்கைக்குள் ஒளிந்துகொண்டது. கொடிக்கால் வாலாட்டி ஒன்றும் பக்கவாட்டில் ஆடிக்கொண்டு வந்து போனது. மணிக்கூண்டின் அடியில் பார்த்தேன், உருண்டை எதுவும் இல்லை, புறா எச்சம் மட்டும்தான்.

இப்போது வேறொரு கேள்வி. படத்தின் பின்னணியில் ஒரு கல்லறையும் விழுந்திருக்கிறது. சற்று மங்கலாக இருந்தாலும் பெயரும் இறந்த ஆண்டும் படிக்கும்படி இருக்கின்றன. அதனால் இங்கே இணைத்த படத்தில் பெயரை மறைத்துவிட்டேன். மற்றவர்களுக்குக் காட்டும்போது வெட்டிவிடுவதா? வெட்டினால் பறவை சட்டகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது.

நிழற்படத்தான் (புதுச்சேரி)

அருமையான படம். வெட்டாதீர்கள், அந்த வெண்மையால்தான் பச்சை எடுபடுகிறது. எழுத்தை மட்டும் மங்கலாக்கிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை (வில்லியனூர்)

மங்கலாக்கும் முன் யாருடைய கல்லறை என்று கோயில்பிள்ளையிடம் கேளுங்கள். வீட்டாருக்குப் பெயர் தெரிவதே விருப்பமாக இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம் இல்லை.

ஏரிக்கரை (பாகூர்)

கேட்டேன், அம்மா. குடும்பத்தார் பிரான்ஸில் இருக்கிறார்களாம். கோயில்பிள்ளையிடம் வாட்ஸப் எண் இருந்தது, அவரே படத்தை அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. பெயரோடு பெரிய அளவில் ஒரு பிரதி வேண்டுமாம், வீட்டில் மாட்டுவதற்கு. பறவையின் பெயரைக் கேட்டார்கள், எழுதி அனுப்பினேன். கூடவே, கல்லின் வலது மூலையில் எச்சம் வழிந்திருப்பது படத்தில் தெரிகிறது, யாரிடமாவது சொல்லிக் கழுவச் சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள். இன்று காலை ஒரு குடம் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டுபோய்க் கழுவிவிட்டு வந்தேன். ஆறுமணிக் குருவியின் எச்சம் இல்லை அது, மேலே நாவல் கிளையில் அடையும் காகத்தினுடையது.